இரண்டு வருட அக்டோபர்

“இந்தப் பொட்டில இன்னா தேதி ஓடுதும்மா?”

கேட்டவர் ஏழுமலை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர். கேட்டது செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த எங்கள் டைப்பிங் கடையில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நான் ஒரு வக்கீலின் நோட்டீஸை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் கையிலிருந்த மனுவை என் விரல்களுக்கு மேலேயே, கீபோர்டில் வைத்தார். குளித்தாலும் போகாத கல்தூள் அவர் புருவத்தில் வெள்ளையாக இருந்தது.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் அந்தத் தெருவில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

மனுவின் அடியில், இடது மூலையில், ‘நாள்’ என்று போட்டு அக்டோபர் மாதத்துத் தேதி ஒன்று அச்சாகியிருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்ததோ ஆடி மாதத்தில். போன வருடத்து அக்டோபர்கூட இல்லை, அதற்கு முந்தைய வருடத்து அக்டோபர்.

அந்த மனுவை அடித்தவள் நான்.

தேதி சொல்லாத தொடர்

ஒரு வாசகர் போன வாரம் கார்டு போட்டிருந்தார். ‘இத்தனை வாரமாகப் படிக்கிறேன், ஒரு இடத்திலாவது வருடம் போடுகிறீர்களா? வீட்டில் காலண்டர் இல்லையா?’ என்று கேட்டிருந்தார். இருக்கிறது ஐயா. தேதி விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம் என்று எனக்கே தோன்றுவதால்தான் போடுவதில்லை. ஏன் என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்போரூர்க்காரி. அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். வீட்டில் யாராவது தும்மினால்கூட அன்றைக்கு என்ன திதி என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒரே மாதத்துக்குள் உட்கார்ந்து தொழில் செய்தேன்.

கடை எனக்கும் கஸ்தூரிக்கும் பொது. கஸ்தூரி திருக்கழுக்குன்றம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்குப் பக்கத்து மெஷின். இரண்டு பேரும் தமிழில் ஹையர் பாஸ். அவள் என்னைவிட வேகம், நான் அவளைவிடச் சுத்தம் என்று நானே சொல்லிக்கொள்வேன். அந்த ‘சுத்தம்’ எந்த அழகில் இருந்தது என்பதைத்தான் ஏழுமலை கொண்டுவந்து காட்டினார்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் கோர்ட்டைச் சுற்றியிருந்த டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வக்கீல் குமாஸ்தாக்கள் ‘கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுங்க’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாங்களும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றும் கூடவே வந்தது. அது அச்சடிக்கும்போது யாராலும் பேச முடியாது. எனக்கும் கஸ்தூரிக்கும் நடந்த பல சண்டைகள் அந்தச் சத்தத்தாலேயே பாதியில் நின்றிருக்கின்றன.

காலையில் முதல் வேலை

எங்கள் விரல்களுக்குத் தெரிந்தது டைப்ரைட்டர் வரிசை மட்டும்தான். அந்த வரிசையிலேயே தமிழ் அடிக்க ஒரு மென்பொருள் இருந்தது. முப்பது நாள் சும்மா ஓடும், பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை.

ஒரு தந்திரம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டால் முப்பது நாள் முடியவே முடியாது. நாங்கள் அதைப் போட்டது அக்டோபர் முதல் தேதி. அதனால் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி ஏற்றி, கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலை, தேதியை அக்டோபர் ஐந்துக்குக் கொண்டுபோவது. மழை பெய்தாலும் அக்டோபர், கத்திரி வெயில் அடித்தாலும் அக்டோபர். பொங்கலுக்கு மறுநாள் கடை திறந்தாலும் உள்ளே அக்டோபர் ஐந்து.

இதில் ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டியிருந்தது. மனு அடித்தால் அந்த மென்பொருள் தானாகவே அடியில் தேதியைப் போட்டுவிடும். அச்சுக்கு முன்னால் அதை அழித்து, உண்மையான தேதியைக் கையால் அடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மனுக்களில் அப்படித்தான் செய்தோம். ஏழுமலையின் மனுவை அடித்த அன்று கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மறுபடி போவதற்குள் அச்செடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் அடியைப் பார்க்கவில்லை.

அவர் மகள் பெயர் கயல்விழி. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். அதற்கு வருமானச் சான்று வேண்டும் என்று கேட்கும் மனு அது. மனு போன அலுவலகத்தில் அதைப் படித்தவர் ஏழுமலையை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். தேதி போட்ட காலத்தில் உன் பெண் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்திருப்பாளே, பிளஸ் டூ பாஸ் என்று அப்போதே எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் அடித்தால் தேதி தப்பாக வருமா, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்றும் கேட்டிருக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த புதன்கிழமை. திங்கட்கிழமை காலையில் மனு உள்ளே போனால்தான் சான்று கைக்கு வரும்.

அதே பெட்டி

யார் அடித்தது என்று ஏழுமலை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி, “ரெண்டு பேருந்தான். இப்ப இன்னா, ரெண்டு நிமிசத்துல தேதிய மாத்திக் குடுத்துட்டா போவுது. அதுக்கு இம்மாம் பேச்சா?” என்றாள். அவர் பேசியதே நாலு வார்த்தை. கஸ்தூரிக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

மாற்றிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. இந்த அக்டோபர் இன்றோடு ஒழியட்டும் என்று நினைத்து, யோசிக்காமல், கம்ப்யூட்டரின் தேதியையே இன்றைய தேதிக்கு மாற்றினேன். மென்பொருள் உடனே மூடிக்கொண்டது. முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்று ஒரு பெட்டி திரையில் வந்தது. பதறிப்போய்த் திரும்பவும் அக்டோபருக்குத் தள்ளினேன். இந்தக் கணினியின் தேதி மாற்றப்பட்டுள்ளது என்று இன்னொரு பெட்டி வந்தது. ஒரு தடவை உண்மையைப் பார்த்துவிட்டால் அது அதற்குப் பிறகு நம்பாது போலிருக்கிறது. ஏழுமலையின் மனுவும், இரண்டு வருடத்து மற்ற மனுக்களும், அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டன.

பக்கத்துக் கடையில் அடித்துத் தரச் சொல்கிறேன், காசு நான் தருகிறேன் என்றேன். கையால் எழுதித் தரட்டுமா என்றும் கேட்டேன். ஏழுமலை இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தார்.

“எங்க பட்டறையில ஒரு வழக்கம் கீது. எவன் கை தவறி செலை மூக்கு ஒடஞ்சுதோ, அவன்தான் மறுகல்லு எடுக்கணும். வேற ஆளு கையில குடுக்க மாட்டாங்க. நீங்க அடிச்சது, நீங்களே அடிங்க. இதே பொட்டிலதான் அடிக்கணும். சரியான தேதி இதுல வரும்னு நான் அந்த ஆபீசுல காட்டணும்.”

திங்கட்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கஸ்தூரி அவர் முதுகைப் பார்த்து, “சரியான பேஜாரு புடிச்ச ஆளு. போனா போவட்டும்” என்றாள். அவர் போனால் போகட்டும் என்றுதான் நானும் கொஞ்ச நேரம் நினைத்தேன். அவர் மகள் போனால் போகட்டும் என்று நினைக்க வரவில்லை.

மூன்று தட்டுகள்

கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, சர்வீஸ்காரரைக் கூப்பிடுவது. வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருப்போரூருக்குப் போய்விட்டார், வர நாலைந்து நாளாகும் என்று அவர் மனைவி சொன்னார். நான் பிறந்த ஊர் முருகன் எனக்கு இப்படியா செய்ய வேண்டும் என்று இருந்தது.

கடைக்குத் திரும்பியபோது கஸ்தூரி மேஜை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தாள். நடுவில் சில சிடிகள். அப்போதுதான் எனக்குச் சிறுசேரிக்காரர் ஞாபகம் வந்தார்.

போன வருடம் ஒருவர் வந்திருந்தார். சிறுசேரிப் பக்கம் ஏதோ சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை. திருப்போரூரில் மனை வாங்கியிருந்தார், அதற்கான ஒப்பந்தத்தை அடிக்க வந்தார். காலையில் முதல் ஆள். கஸ்தூரி தேதியைப் பின்னால் தள்ளுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த முறை வரும்போது மூன்று சிடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். லினக்ஸ், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருள் என்றார். இதற்கு முப்பது நாள் கணக்கெல்லாம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றுகூடத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான் நம்பவில்லை. சும்மா கொடுக்கிறவன் பின்னால் எதையாவது கேட்பான் என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை. சிடிகள் இழுப்பறைக்குள் போயின. அவர் எதையும் கேட்க வரவே இல்லை.

இழுப்பறையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த வேறு இரண்டு லினக்ஸும் இருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுவதும், மாப்பிள்ளை பார்ப்பது போல, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முதலாவது, கறுப்புத் திரையில் ஒரு கோட்டை மட்டும் மினுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. இரண்டாவது கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட எங்களுக்குப் புரியவில்லை. சிறுசேரிக்காரர் கொடுத்தது மட்டும் படம் காட்டி, மௌஸை நகர்த்த விட்டு, என்ன மொழி வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டது. நீளமான பட்டியல். இறக்கிக்கொண்டே போனால் அதில் தமிழ் இருந்தது. நாங்கள் கேட்காமலே யாரோ எங்கேயோ உட்கார்ந்து எங்களையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆடியில் ஒரு தொடக்கம்

ஆடியில் புதிதாக எதையும் தொடங்காத வீடு எங்களுடையது. சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் எனக்கு அது உறுத்தியது. சொன்னேன்.

“நாம எங்க தொடங்கறோம்? பழச ரிப்பேர் பண்றோம், அவ்ளோதான்” என்றாள் கஸ்தூரி. அப்பா இருந்திருந்தால் இந்த விளக்கத்தை ஒப்புக்கொண்டிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

மொழி, கீபோர்டு, ஊர் என்று முதல் சில கேள்விகள் சுலபமாகப் போயின. அப்புறம் ஒரு திரை வந்தது. இந்தக் கம்ப்யூட்டரின் வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. அந்தத் திரையில் நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ‘சரி’ என்று அமுக்கினால் பழையதற்குத் திரும்ப வழி கிடையாது. புதியது வருமா என்பதும் தெரியாது. இரண்டு குடும்பங்களுக்குச் சோறு போடுகிற பெட்டி. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

“எல்லாம் ஒரே மாசத்துல அடிச்ச மனு. பூட்டிகினு கெடக்கறதுக்கு அழிஞ்சே போவட்டும்” என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரிதான் அமுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூடிக்கொண்டேன்.

அடுத்து, என்னென்ன வேண்டும் என்று கேட்டது. எழுதுவதற்கு, படம் வரைவதற்கு, பாட்டுக் கேட்பதற்கு, விளையாடுவதற்கு என்று நூறு பெயர்கள். எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாததால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல எல்லாவற்றையும் வைக்கச் சொல்லிவிட்டோம். நேரம் ஏன் இத்தனை ஆகிறது என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் சிடி முடிந்து இரண்டாவதைக் கேட்டது. போட்டோம். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற நீலக் கோடு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். சிடியைப் படிக்க முடியவில்லை என்றது.

சந்தனம்

வெளியே எடுத்துப் பார்த்தேன். சிடியின் பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி நாலு இடத்தில், காய்ந்த சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

ஆயுத பூஜைக்குக் கடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது கஸ்தூரியின் இலாகா. மானிட்டர், பிரிண்டர், கத்திரிக்கோல், ஸ்டேப்ளர் எதையும் விட மாட்டாள். இழுப்பறையில் இருந்த சிடியையும் எடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. எழுத்து அழிந்துவிடப் போகிறதே என்று அக்கறையாகத் திருப்பி, மறுபக்கம் வைத்திருக்கிறாள்.

நான் அன்று கத்தியது கோர்ட்டு வரைக்கும் கேட்டிருக்கும். பிரிண்டர் ஓடவில்லை, நிறுத்த ஒன்றுமில்லை. பழையது போய்விட்டது, புதியது பாதியில் நிற்கிறது, ஒரு பெண்ணின் படிப்பைச் சந்தனம் வைத்து மூடிவிட்டாய் என்று என்னென்னவோ சொன்னேன். மனுவில் தப்புத் தேதி போட்டவள் நான் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்திருந்தேன்.

கஸ்தூரி சொம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்து, சிடியை மடியில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் துடைத்தாள். காய வைத்தாள். போட்டாள். நின்றது. மறுபடி எடுத்துத் துடைத்தாள். மூன்றாவது தடவை போட்டபோது நீலக் கோடு நின்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, நகர்ந்தது.

இரண்டு பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கடைசி வரை போய்ச் சேர்ந்ததும் டீ வாங்கிவந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு அந்த நாளில் தெரிந்த முறை அதுதான்.

பாதி நீ, பாதி நான்

கடைசித் திரைகளில் ஒன்று, இந்தக் கம்ப்யூட்டரின் முதலாளி யார் என்பது போல ஒரு கேள்வி கேட்டது. முதலாளிக்கு என்று ஒரு ரகசியச் சொல் வைக்க வேண்டும். முக்கியமான எதை மாற்றுவதானாலும் அது வேண்டும்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஆறு வருடம் சேர்ந்து வேலை செய்கிறோம், யார் முதலாளி என்று யாரும் கேட்டதில்லை. நீயே வை என்றேன், நீயே வை என்றாள். கடைசியில் ஆளுக்குப் பாதியாகப் போடுவது என்று முடிவாயிற்று. முதல் பாதியை அவள் அடிப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். பின்பாதியை நான் அடிப்பேன், அவள் சுவரைப் பார்ப்பாள். இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் அப்படியே செய்தோம். நான் என் பையன் பெயரை அடித்தேன். அவள் என்ன அடித்தாள் என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் புதுத் திரை வந்தது. அழகான திரை. மூலையில் சின்னதாகக் கடிகாரமும் தேதியும். அக்டோபர் ஏழு.

வியாழக்கிழமை பதற்றத்தில் நான் பின்னால் தள்ளிய தேதி பெட்டிக்குள் அங்கிருந்தே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றப் போனால் முதலாளியின் ரகசியச் சொல்லைக் கேட்டது. அவள் அடித்தாள், நான் சுவரைப் பார்த்தேன். நான் அடித்தேன், அவள் சுவரைப் பார்த்தாள். கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் கம்ப்யூட்டர் சரியான நாளுக்கு வந்தது. இனிமேல் ஒருத்தியாக எவளும் அதை மாற்ற முடியாது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீபோர்டோடு மல்லுக்கட்டினோம். அமைப்புகளுக்குள் தேடிப் போனால் தமிழ் என்று மூன்று வகை இருந்தன. முதலாவதில் ‘ஐயா’ என்று அடித்தால் வேறு எதுவோ வந்தது. இரண்டாவதில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவதைப் போட்டு, விரல் போன போக்கில் கஸ்தூரி அடித்தாள். திரையில் ‘மாமல்லபுரம்’ என்று வந்தது. டைப்ரைட்டர் வரிசை. யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் விரல்களை நினைவில் வைத்திருந்தான்.

திங்கட்கிழமை

ஏழுமலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நானே மனுவை அடித்தேன், மறுகல் என்னுடையது என்பதால். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அடிக்கு வந்து தேதியை இரண்டு தடவை பார்த்தேன். பிரிண்டர் வழக்கம்போல ஊரைக் கூட்டியது.

தாளை வாங்கியவர் மேலே ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக அடிக்குப் போனார். அப்புறம் தலையைத் தூக்கிச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“மறுபடியும் தப்பாத்தாம்மா கீது.”

சுவரைப் பார்த்தேன். சனிக்கிழமைத் தாள். மனுவில் இருந்தது திங்கட்கிழமைத் தேதி. எல்லாம் செய்தும் இந்தப் பெட்டி என்னை மறுபடி கவிழ்த்துவிட்டதே என்று ஒரு நிமிடம் நின்றேன். எந்தக் கிழமை என்றே எனக்கு மறந்துவிட்டது.

கஸ்தூரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சுவரருகே போய் ஒரு தாளைக் கிழித்தாள். இன்னொரு தாளைக் கிழித்தாள். திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாளாக நீலக் கோட்டையும் கீபோர்டையும் பார்த்துக்கொண்டிருந்ததில் நாள்காட்டியைக் கிழிக்க யாருக்கும் நினைவில்லை.

ஏழுமலை சுவரையும் தாளையும் இன்னொரு தடவை ஒத்துப்பார்த்தார். சிரிப்பு மெதுவாகத்தான் வந்தது. “காலண்டர் கிழிக்கறதுக்கும் ஒரு ஆளு போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு, மனுவை மடிக்காமல், இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சான்று கிடைத்தது. கயல்விழிக்குப் பயிற்சியில் இடமும் கிடைத்தது. மார்க் அவளுடையது, அதில் எங்கள் பங்கு ஒன்றுமில்லை. நாங்கள் குறுக்கே போட்ட கல்லை நாங்களே எடுத்தோம், அவ்வளவுதான்.

மிச்சப் பாதி

சில வருடங்கள் கழித்துக் கஸ்தூரி திருப்போரூருக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் அங்கே மனை விற்கும் ஆபீஸ் போட்டார், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கடை என்னிடம் நின்றது. போகிற அவசரத்தில் ரகசியச் சொல்லைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை.

ஒருநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால், தேதி எங்கோ எண்பதுகளில் இருந்தது. உள்ளே ஒரு சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் அப்படி ஆகுமாம். புதுப் பேட்டரி போட்டாயிற்று. தேதியை மாற்றப் போனேன். ரகசியச் சொல் கேட்டது. என்னிடம் இருந்தது பின்பாதி மட்டும்.

கஸ்தூரிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டாள். பிறகு, “சிரிக்கக் கூடாது” என்றாள்.

“சொல்லுடி.”

“கயல்விழி.”

அந்தப் பெயரை அவள் அடித்தது சனிக்கிழமை மத்தியானம். புது மனு அப்போது அடிக்கவே இல்லை. அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. பேஜாரு புடிச்ச ஆளு, போனா போவட்டும் என்று சொன்னவள் அவள். தப்புச் செய்தவள் நான். நான் போட்டது என் பையன் பெயர்.

என்னால் சிரிக்க முடியவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெயரை அடித்தேன், பிறகு என் பையன் பெயரை அடித்தேன். பெட்டி ஏற்றுக்கொண்டது.

“இன்னா தேதி போடப்போற, கரெக்டா சொல்லு” என்றாள் கஸ்தூரி.

இரு என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், நேற்றைய தாளைக் கிழித்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.